அமெரிக்கக் கல்லூரியில் சியர், ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் ஆவது எப்படி: காகிதம், காசு, காலண்டர்

"ஊரில் மாநில அளவில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியிருக்கிறேன். இங்கே ஏதாவது கல்லூரியில் கோச் வேலை கிடைக்குமா அக்கா?" டாலஸை ஒட்டிய ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கத்துத் தமிழ்ப் பெண்களிடமிருந்து அடிக்கடி இந்தக் கேள்வி வருகிறது. சில நேரம் தம்பிமாரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நான் டெக்சஸில் ஒரு சிறிய கல்லூரியின் சியர் அணியில் துணைக் கோச். மிச்ச மாலைகளில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பில் பிள்ளைகளுக்கு டம்ப்ளிங் (தரையில் கரணம் அடிக்கும் வித்தைகள்) சொல்லிக்கொடுக்கிறேன். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வைத்திருப்பவரின் துணையாக, வந்து இறங்கியவள். பயிற்சி கொடுக்கத் தெரியாமல் இந்த வேலையைத் தவறவிட்டவர்கள் குறைவு. விசா, பெயர் எழுத்து, சான்றிதழ் வரிசை, விண்ணப்பிக்கும் மாதம் என்று வேறெதிலோ தடுக்கி நிற்பவர்கள்தான் அதிகம். அதனால் கீழே ஆட்டத்தைப் பற்றிக் குறைவாகவும் ஆவணங்களைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

1. எந்தக் கோச் வேலை என்று முதலில் தீர்மானியுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே மூன்று தனித்தனி வேலைகள்.

முதலாவது, சியர் கோச். அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து ஆட்டங்களில் மைதான ஓரத்தில் நிற்கும் அணி இவருடையது. சியர்லீடிங், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ அங்கீகரித்த விளையாட்டு அல்ல. அதனால் சில கல்லூரிகளில் இந்த அணி விளையாட்டுத் துறையின் கீழும், சிலவற்றில் மாணவர் நலத்துறையின் கீழும், வேறு சிலவற்றில் மார்க்கெட்டிங் பிரிவின் கீழும் இருக்கும். சம்பளம், காப்பீடு, காயம்பட்டால் பார்க்க அத்லெடிக் டிரெய்னர் வருவாரா மாட்டாரா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. டான்ஸ் அணியும் கல்லூரியின் மாஸ்காட்டும் பல இடங்களில் சியர் கோச் தலையிலேயே விழும். ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பொம்மை உடுப்புக்குள் இருக்கும் பையனுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

இரண்டாவது, அக்ரோபாட்டிக்ஸ் அண்ட் டம்ப்ளிங், ஸ்டன்ட் ஆகிய அணிகள். சியரிலிருந்து ஆட்டத்தை மட்டும் தனியே பிரித்துப் பெண்களுக்கான போட்டி விளையாட்டாக்கியவை. அக்ரோபாட்டிக்ஸ் அண்ட் டம்ப்ளிங் 2020-இல் என்சிஏஏவின் வளர்ந்துவரும் விளையாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. வேகோவில் இருக்கும் பெய்லர் பல்கலைக்கழகம் இதில் பெரிய கை. இவை விளையாட்டுத் துறைக்குள் வருவதால் முழுநேரப் பதவி கிடைக்க வாய்ப்பு கூடுதல். டம்ப்ளிங் நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களுக்கு இதுதான் நல்ல வாசல் என்பது என் கருத்து. நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

மூன்றாவது, அசல் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி. இடம் மிகக் குறைவு. பெண்கள் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் என்சிஏஏவின் முதல் பிரிவில் 60-ஐ ஒட்டி இருக்கும். மூன்று பிரிவையும் கூட்டினாலும் நூறுக்குள்தான். ஆண்கள் அணி இருபது கூடத் தேறாது. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்திலும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலும் ஜிம்னாஸ்டிக்ஸ் வர்சிட்டி அணி (கல்லூரியின் அதிகாரப்பூர்வப் போட்டி அணி) கிடையாது. டெண்டனில் டெக்சஸ் விமன்ஸ் யுனிவர்சிட்டியில் உண்டு, அது இரண்டாம் பிரிவு. ஏ அண்ட் எம்மில் சியர் அணியும் கிடையாது. அங்கே "யெல் லீடர்ஸ்" என்று தனி மரபு. தெரியாமல் அங்கே விண்ணப்பம் போட்டவர்கள் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள்.

2. விசாவைப் பார்க்காமல் மைதானத்தில் கால் வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எச்-4: வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை செய்யக் கூடாது. கணவர் அல்லது மனைவியின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தாலோ, ஆறு ஆண்டைத் தாண்டி அவருடைய எச்-1பி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ ஐ-765 படிவம் போட்டு அட்டை வாங்கலாம். 2024 ஏப்ரலில் தாளில் போடும் கட்டணம் 520 டாலர் ஆனது. போடும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அதே படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பிவிட்டால் தனியாக அந்த அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

அட்டையைப் புதுப்பிப்பதில் ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது. முன்பெல்லாம் புதுப்பிக்கப் போட்டுவிட்டால் பழைய அட்டை தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. முடிவதற்கு 180 நாள் முன்பே போடலாம், அன்றைக்கே போட்டுவிடுங்கள். சீசன் நடுவில் அட்டை காலாவதியானால் அணியை விட்டுவிட்டு வீட்டில்தான் உட்கார வேண்டும். கல்லூரி ஒன்றும் செய்ய முடியாது.

எச்-1பியில் மென்பொருள் வேலை செய்பவர்கள்: "மாலையில்தானே, சும்மா இரண்டு மணி நேரம்தானே" என்று கிளப்பில் சம்பளம் வாங்காதீர்கள். உங்கள் அனுமதி ஒரு நிறுவனத்துக்கு மட்டும்தான். இன்னொரு இடத்தில் வேலை செய்ய அவர்களும் தனியாக மனு போட வேண்டும்.

"சரி, காசே வாங்கவில்லை, தன்னார்வமாகச் செய்கிறேன்" என்பது அடுத்த பொறி. மற்றவர்கள் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் அது வேலை என்றே கணக்கில் வரலாம். நான் விசாரித்த ஒரு கிளப்பில் மேலாளர் அம்மா, "பேப்பர் வரும்வரை வாலண்டியராக வா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மிக அன்பாகச் சொன்னார். அவருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை, எனக்குத்தான் வந்திருக்கும். குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை காசு கொடுத்து உட்கார்ந்து பேசிவிடுங்கள். இந்த விஷயத்தில் பிறந்தநாள் விழாவில் பிரியாணித் தட்டோடு கிடைக்கும் ஆலோசனை செல்லாது.

எஃப்-1 மாணவர்கள்: உங்களுக்குத்தான் நேர்வழி இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் சியர் அல்லது ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு கிராஜுவேட் அசிஸ்டென்ட் எடுக்கின்றன. கல்விக்கட்டணத்தில் முழுதோ பகுதியோ தள்ளுபடியும் ஒரு சிறு தொகையும் கிடைக்கும். வளாகத்துக்குள் வேலை, படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேர வரம்பு. முடித்ததும் ஓபிடி (படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம், வேலை படித்த பாடத்தோடு நேராகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு ஓபிடியில் சியர் கோச் ஆக முடியாது. இந்தத் தொழில்தான் வேண்டும் என்றால் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட், கினீசியாலஜி, கோச்சிங் போன்ற பாடத்தில் சேருங்கள். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு ஓபிடியை நீட்டும் ஸ்டெம் நீட்டிப்பு ஸ்போர்ட் மேனேஜ்மென்ட்டுக்கு வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஊரில் இருந்தபடியே ஸ்பான்சர் தேடுபவர்களுக்கு: கோச் பதவிக்கு எச்-1பி கிடைப்பது எப்போதுமே கடினம்தான். குறிப்பிட்ட ஒரு துறையில் பட்டம் கட்டாயம் தேவை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு மேல் 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. துணைக் கோச்சுக்காக ஒரு சிறு கல்லூரி அவ்வளவு கொட்டிக் கொடுக்காது. அங்கிருந்து வர நினைத்தால் மாணவராக வருவதுதான் நடக்கக்கூடிய வழி.

3. பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்குங்கள்

நம் இனிஷியல் இங்கே பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், பட்டச் சான்றிதழில் வெறும் "கே." என்ற எழுத்தாகவும், திருமணத்துக்குப் பிறகு எடுத்த வங்கிக் கணக்கில் கணவர் பெயராகவும் இருக்கும். கோச் வேலையில் ஒன்றுக்கு மேற்பட்ட பின்னணிச் சோதனைகள் வரும்: யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ், யுஎஸ்ஏ சியர் என்ற தேசிய அமைப்புகள், கிளப், அப்புறம் கல்லூரி. சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு பெயர் பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் "நிலுவையில்" என்று அப்படியே நிற்கும். ஏன் என்று யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள்.

ஆகவே, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா உறுப்பினர் கணக்கையும் தொடங்குங்கள். செல்லப்பெயர் வேண்டாம். பட்டச் சான்றிதழில் பெயர் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட் நோட்டரி முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கணக்கு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே நோட்டரி இலவசம்.

ஒருமுறை கிளப் வழியாகப் போன என் சோதனையில் பெயரின் முன்பாதியையும் பின்பாதியையும் யாரோ மாற்றித் தட்டிவிட்டார்கள். அதைத் திருத்த வைப்பதற்குள் கோடைக்கால வகுப்புகளே முடிந்துவிட்டன. தட்டச்சு செய்வதை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

4. சான்றிதழ்கள்: இந்த வரிசையில் எடுங்கள்

வரிசை முக்கியம். பின்னால் வருவது முன்னால் இருப்பதைக் கேட்கும்.

(அ) முதலுதவி, சிபிஆர் (நின்ற இதயத்தை மார்பை அழுத்தி இயக்குவது), ஏஇடி (இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் கருவி). அமெரிக்கன் ரெட் கிராஸ் அல்லது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன். முழுக்க ஆன்லைனில் முடிகிற மலிவுச் சான்றிதழைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. பொம்மை மார்பை அழுத்திக் காட்டும் நேரடிப் பகுதியோடு எடுங்கள். இரண்டு ஆண்டு செல்லும்.

(ஆ) சேஃப்ஸ்போர்ட் பயிற்சி, அதாவது விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுக்கும் பாடம். ஆன்லைனில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பிறகு ஆண்டுதோறும் சிறு புதுப்பிப்பு. இதை வீடியோவை ஓடவிட்டுக் காய்கறி நறுக்கும் பயிற்சியாக நினைக்காதீர்கள். சிறார் மீதான வன்முறை என்று சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்பது இங்கே கூட்டாட்சிச் சட்டம். "தலைமைக் கோச்சிடம் சொல்லிவிட்டேன்" என்பது போதாது.

(இ) யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் தொழில்முறை உறுப்பினர். 18 வயது ஆகியிருக்க வேண்டும், பின்னணிச் சோதனையும் சேஃப்ஸ்போர்ட்டும் பாதுகாப்புப் பாடமும் முடித்திருக்க வேண்டும். கிளப் போட்டிகளில் தளத்தில் நிற்க இது இல்லாமல் முடியாது. உறுப்பினர் ஆண்டு ஆகஸ்ட் 1-இல் தொடங்கி ஜூலை 31-இல் முடியும். ஜூன் மாதம் பணம் கட்டினால் இரண்டு மாதத்தில் மறுபடி கட்ட நேரிடும். புது ஆண்டுக்கான பதிவு திறந்துவிட்டதா என்று பார்த்துக் கட்டுங்கள்.

(ஈ) சியர் பக்கம் போகிறவர்களுக்கு யுஎஸ்ஏ சியரின் பாதுகாப்புப் பாடமும் தேர்வும். பழைய ஆட்கள் இதை இன்னும் "ஆக்கா" என்றே சொல்வார்கள். வேலை அறிவிப்பில் அப்படி இருந்தால் குழம்பாதீர்கள். இது வெறும் அலங்காரச் சான்றிதழ் அல்ல. பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற ஒருவர் மேற்பார்வையில் இருந்தால்தான் என்சிஏஏவின் மிகப் பெரிய காயங்களுக்கான காப்பீடு சியர் மாணவர்களுக்குப் பொருந்தும். அதனால் கையில் சான்றிதழோடு வருபவரைக் கல்லூரி உடனே கவனிக்கும்.

செலவு? கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதவில்லை. மொத்தம் 400 டாலர் ஒதுக்கி வைத்துக்கொண்டால் கை கடிக்காது. இந்தியாவிலிருந்து போலீஸ் நற்சான்று எடுத்துக் கொடுக்கிறேன் என்று காசு கேட்கும் முகவர்களை நம்பாதீர்கள். என்னிடம் இதுவரை எந்தக் கல்லூரியும் கேட்டதில்லை. கேட்டால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

5. ஊர்ப் படிப்பை இங்கே புரிகிற மாதிரி மாற்றுங்கள்

கல்லூரிக் கோச் பதவிக்குப் பெரும்பாலும் இளங்கலைப் பட்டம் கேட்பார்கள். எந்தப் பாடம் என்பதில் பிடிவாதம் குறைவு. வெளிநாட்டுப் பட்டம் என்றால் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். நேசஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனத்திடம் மட்டுமே எடுங்கள். நம் மூன்று ஆண்டு பி.எஸ்சி., பி.காம். பட்டங்களை எல்லா நிறுவனமும் முழு இளங்கலையாக எடுத்துக்கொள்வதில்லை. பணம் கட்டும் முன் அதை எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இதில் நேரத்தை விழுங்குவது மதிப்பீடு அல்ல, ஊரிலிருந்து மதிப்பெண் பட்டியல் வருவதுதான். பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையில் அல்லது தன் இணையதளம் வழியாக நேரடியாக அனுப்ப வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ நேரில் போய் நிற்க ஓர் ஆள் இருந்தால் வாரங்கள் மிச்சம். விண்ணப்பிக்கும் பருவத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பாட்டியாலா என்ஐஎஸ் டிப்ளமோ வைத்திருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். இங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். "இந்திய அரசின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ" என்று எழுதி, பாடத்திட்டத்தை ஒரு பக்கத்தில் சுருக்கி இணையுங்கள். மாநிலப் போட்டிச் சான்றிதழ்களை மொத்தமாக ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள். ஒரு வரி போதும்.

6. கிளப்பில் கொஞ்சம் காலம் வேலை பாருங்கள்

நேராகக் கல்லூரிக்குப் போக முயல்பவர்களுக்குப் பதிலே வருவதில்லை. இங்கே வேலை தருபவர்கள் காகிதத்தைவிட, "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்லும் ஓர் அமெரிக்கக் கோச்சின் குரலைத்தான் நம்புகிறார்கள். அந்தக் குரல் கிளப்பில்தான் கிடைக்கும்.

டாலஸ் சுற்றுவட்டாரத்தில் கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்ற கார்லி பேட்டர்சனும் நாஸ்டியா லியுகினும் பயிற்சி எடுத்த வோகா இந்தப் பக்கத்து கிளப்தான். தொடக்கநிலை வகுப்புகளுக்கு ஆள் எப்போதும் தேவை. என் பக்கத்தில் மணிக்கு 15 முதல் 20 டாலர் தருகிறார்கள். குட்டிப் பிள்ளைகளுக்கு முன்குட்டிக்கரணம் சொல்லிக்கொடுப்பதில் என்ன பெருமை என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதத்தில் டம்ப்ளிங் வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். பள்ளி சியர் அணிப் பெண்கள் பேக் ஹேண்ட்ஸ்பிரிங், டக் போன்ற கரணங்களைக் கற்றுக்கொள்ள அங்கேதான் வருவார்கள், அவர்களுடைய கோச்சுகளும் வருவார்கள். எனக்கு முதல் கல்லூரித் தொடர்பு அங்கேதான் கிடைத்தது.

ஆளைத் தூக்கி நிறுத்தும் சியர் ஸ்டன்ட் தெரியாத ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். நம் விளையாட்டில் விழுந்தால் நாம்தான் விழுவோம். ஸ்டன்ட்டில் ஃப்ளையர் (மேலே ஏறுபவர்) விழும்போது கீழே இரண்டு பேஸ் (தாங்கிப் பிடிப்பவர்கள்), ஒரு பேக் ஸ்பாட் (பின்னால் நின்று காப்பவர்) இருக்கிறார்கள். தலையையும் தோளையும் யார் தாங்குவது என்பதை ஏறும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பாஸ்கெட் டாஸ் (ஆளை மேலே வீசிப் பிடிப்பது) எந்தத் தரையில் போடலாம், மரத்தளத்தில் ஏன் கூடாது, பிரமிட் இரண்டரை ஆள் உயரத்துக்கு மேல் ஏன் போகக் கூடாது என்பதெல்லாம் கல்லூரி விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நேர்காணலுக்கு முன் அதைப் பாடப்புத்தகம் போலப் படியுங்கள்.

7. விண்ணப்பம்: மாதம் தவறினால் ஆண்டு போச்சு

சியரின் ஆண்டு இப்படி ஓடும். ஏப்ரல், மே மாதங்களில் டிரைஅவுட் (அணித் தேர்வு). கோடையில் கேம்ப். ஆகஸ்ட் கடைசியிலிருந்து கால்பந்து. பிறகு கூடைப்பந்து. இரண்டு சியர் அமைப்புகள் தேசியப் போட்டி நடத்தும்: யுசிஏ போட்டி ஜனவரியில் ஆர்லாண்டோவில், என்சிஏ போட்டி ஏப்ரலில் டேட்டோனா பீச்சில். கவனியுங்கள், இந்த என்சிஏ வேறு, என்சிஏஏ வேறு. ஒரு எழுத்து மாறி கவர் லெட்டர் போனால் அத்தோடு முடிந்தது.

ஆக, சியர் பதவிகள் பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை அறிவிக்கப்படும். டிரைஅவுட்டுக்கு முன்னால் ஆள் வேண்டும் என்பதுதான் காரணம். ஜிம்னாஸ்டிக்ஸ் சீசன் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் நடுவில் தேசியப் போட்டியோடு முடியும். அதற்குப் பிறகு ஜூலை வரை ஆட்கள் இடம் மாறுவார்கள். 2021 முதல் சில ஆண்டுகள் பெண்களுக்கான அந்தத் தேசியப் போட்டி டாலஸ் பக்கத்து ஃபோர்ட் வொர்த்தில் நடந்தது, எங்களுக்கு அது பெரிய வசதி. முக்கியமான கோச்சுகள் பலர் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். ஆனால் போட்டி நடக்கும்போது போய் கையில் ரெஸ்யூமே திணிக்காதீர்கள், நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்து மறுவாரம் மின்னஞ்சல் போடுங்கள்.

அறிவிப்புகளைப் பார்க்க: ஹையர்எட்ஜாப்ஸ், என்சிஏஏ மார்க்கெட், அப்புறம் கல்லூரிகளின் சொந்த வேலைப் பக்கங்கள். சிறிய கல்லூரிகளும் ஜூனியர் காலேஜ்களும் சொந்தப் பக்கத்தில் மட்டுமே போடுவது உண்டு. ஜூனியர் காலேஜ் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கார்சிகானாவின் நவாரோவும் ஏதென்ஸின் டிரினிட்டி வேலியும் டாலஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கும் இரண்டாண்டுக் கல்லூரிகள்தான். சியரில் அவர்களைத் தெரியாதவர் இல்லை.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: ஒரு பக்க ரெஸ்யூமே, கவர் லெட்டர், மூன்று பரிந்துரையாளர்கள் (குறைந்தது இருவர் இங்கே உங்களோடு வேலை செய்தவர்கள்), பட்ட மதிப்பீடு, சான்றிதழ் நகல்கள், நீங்கள் பயிற்சி கொடுக்கும் மூன்று நிமிட வீடியோ. வீடியோவில் சிறார் முகம் இருந்தால் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். நீங்கள் குட்டிக்கரணம் அடிக்கும் பழைய வீடியோ யாருக்கும் தேவையில்லை. இன்னொன்று, ஓட்டுநர் உரிமம். அணியை வேனில் நீங்களே ஓட்டிப்போக வேண்டியிருக்கும், ஓட்டுநர் பதிவையும் பார்ப்பார்கள். வேகத்துக்கு வாங்கிய டிக்கெட்டைக் கட்டாமல் விட்டிருந்தால் இப்போதே தீருங்கள்.

8. நேர்காணல்

அறைக்குள் நடக்கும் பகுதி சுலபம். பட்ஜெட் கையாளத் தெரியுமா, பெற்றோர் கோபமாக எழுதினால் என்ன செய்வீர்கள், மாணவிகளின் மதிப்பெண்ணை எப்படிக் கவனிப்பீர்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் ஆள்சேர்ப்பு விதிகளும் வரும். முதல் பிரிவில் மாணவி பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15 வரை நீங்கள் அவளிடம் ஆள்சேர்ப்புப் பேச்சு எடுக்கக் கூடாது. சீசனில் கட்டாயப் பயிற்சி வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு கருவியிலும் ஆறு பேர் ஆட, மேலான ஐந்து மதிப்பெண் கணக்கில் வரும். இவை உங்கள் வாயிலிருந்து தடுமாறாமல் வர வேண்டும்.

பயிற்சி மேட் மீது (விரிப்பில்) நடக்கும் பகுதிதான் உண்மையான தேர்வு. அரைமணி நேரம் பயிற்சி நடத்தச் சொல்வார்கள். எனக்கு நடந்தது: நான்கு பேர் ஒரு எக்ஸ்டென்ஷன் (கைகளை முழுதாக நீட்டி ஃப்ளையரைத் தலைக்கு மேல் தூக்குவது) ஏற்றுகிறார்கள், மேலே இருக்கும் பெண்ணின் வலது முழங்கால் நடுங்குகிறது. எல்லோருடைய கண்ணும் அவள் மீது. ஆனால் பிசகு கீழே. ஒரு பேஸ் பாதத்தின் விரல் பக்கத்தைப் பிடித்திருந்தாள், குதிகாலின் அடியில் கை இல்லை. இறக்கச் சொன்னேன். தோள் உயரத்தில், மெதுவாக, எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லி ஏற்ற வைத்தேன். அது உறுதியானதும்தான் மேலே போகச் சொன்னேன். பார்த்துக்கொண்டிருந்த தலைமைக் கோச் அப்போதுதான் முதல்முறையாக நோட்டில் ஏதோ எழுதினார். கடினமான வித்தையைக் காட்டச் சொல்லி அசத்துவதைவிட, ஒரு படி இறக்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

நம் ஊர் மைதானப் பழக்கம் மூன்றை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். ஒன்று, கேட்காமல் தொட்டுத் திருத்துவது. "இடுப்பைப் பிடிக்கப் போகிறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். இரண்டு, எடையைப் பற்றிப் பேசுவது. "கொஞ்சம் குறைத்தால் நன்றாகப் பறப்பாய்" என்று பாசத்தோடு சொன்னாலும் வேலை போகும், போகவும் வேண்டும். மூன்று, தனியாக ஒரு மாணவிக்கு இரவில் மெசேஜ் அனுப்புவது. முதலாண்டு மாணவிகளில் 17 வயதுக்காரர்கள் உண்டு. சேஃப்ஸ்போர்ட் கணக்கில் அவர்கள் சிறார். இன்னொரு பெரியவரையும் சேர்த்துத்தான் செய்தி போக வேண்டும்.

9. சம்பளம்: மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023-க்குச் சொல்லும் கோச்சுகளின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 45,900 டாலர் சுமார். எல்லா விளையாட்டும் சேர்ந்த கணக்கு அது. சியர் பகுதிநேரப் பதவிகள் அதற்கு மிகக் கீழே, பல இடங்களில் சம்பளமே கிடையாது, ஒரு மொத்தத் தொகை மட்டும்தான். 8,000 டாலர் என்று சொன்னால் கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். வாரம் 20 மணி நேரம், 40 வாரம் என்று போட்டால் 800 மணி நேரம். மணிக்குப் பத்து டாலர். கிளப்பில் குட்டிப் பிள்ளைகளோடு இருந்தால் அதைவிட அதிகம் வரும். தெரிந்தே போவதானால் போகலாம்.

பேரம் பேசும் முன் அண்டை வீட்டுச் சம்பளத்தைப் பார்த்துவிடுங்கள். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத்தை டெக்சஸ் டிரிப்யூன் தளத்தில் பெயர் போட்டே தேடலாம். கல்லூரி விளையாட்டுத் துறைகளின் வரவு செலவு கூட்டாட்சிக் கல்வித் துறைத் தளத்தில் இருக்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சட்டி எவ்வளவு பெரியது என்று அங்கே தெரிந்துவிடும்.

தொகை உயராது என்றால் வேறு கேளுங்கள்: முதுகலைப் படிப்புக்குக் கட்டணச் சலுகை, சான்றிதழ்ப் புதுப்பிப்புச் செலவு, பயணப்படி, சொந்த போனுக்குப் பணம். மருத்துவக் காப்பீடு வாரம் 30 மணி நேரத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கிடைக்காது. ஒப்பந்தம் 9 மாதமா 12 மாதமா என்று பாருங்கள். 9 மாத ஒப்பந்தத்தில் கோடைக் கேம்ப் வேலைக்குத் தனித் தொகை உண்டா என்பது எழுத்தில் இருக்கட்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில. பயிற்சிக்கு மேட் எங்கே இருக்கிறது, எந்த நேரம் நமக்கு? பயிற்சியின்போது அத்லெடிக் டிரெய்னர் இருப்பாரா, போனில் மட்டுமா? உடுப்பு, கேம்ப் கட்டணம் கல்லூரி தருகிறதா, மாணவிகள் தலையிலா? முந்தைய கோச் ஏன் போனார்? கடைசிக் கேள்விக்கு மேலாளர் சொல்லும் பதிலையும் அணித் தலைவி சொல்லும் பதிலையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சேரலாம்.

10. சேர்ந்த முதல் மாதம்

ஐ-9 படிவத்துக்கு (வேலை செய்யும் தகுதியைச் சரிபார்ப்பது) அசல் ஆவணங்களைச் சேர்ந்த நாளுக்குப் பின் மூன்று வேலைநாளுக்குள் காட்ட வேண்டும். பாலியல் பாகுபாடு, வளாகக் குற்றப் புகார் பற்றிய பயிற்சிகளை மனிதவளத் துறை அனுப்பும். கோச்சுகள் புகார் செய்யக் கடமைப்பட்டவர்கள், மாணவி ரகசியமாகச் சொன்னாலும் மறைக்க முடியாது. இதை முதல் கூட்டத்திலேயே அணியிடம் சொல்லிவிடுங்கள், பிறகு "உங்களை நம்பிச் சொன்னேனே" என்ற பேச்சு வராது.

அவசரநிலைத் திட்டம் ஒரு தாளில் எழுதி மேட் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்: ஏஇடி எங்கே, ஆம்புலன்ஸ் எந்தக் கதவுக்கு வரும், சாவி யாரிடம். வெளியூர் மைதானத்துக்கும் இதே போல. பிறகு போன் காலண்டரில் நான்கு தேதிகளை ஏற்றுங்கள்: சேஃப்ஸ்போர்ட் ஆண்டுப் புதுப்பிப்பு, யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் ஜூலை 31, சிபிஆரும் பின்னணிச் சோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வேலை அனுமதி அட்டை முடிய 180 நாள் முன்பு. நினைவூட்டலை ஒரு மாதம் முன்கூட்டி வையுங்கள். அட்டைக்கு மட்டும் 180 நாளுக்கு மேல் இன்னும் ஒரு மாதம், ஏனென்றால் கணவர் அல்லது மனைவியின் அலுவலகத்திலிருந்து ஐ-140 நகல் வாங்கவே அவ்வளவு நாள் ஆகும்.